நோயாளி வீடு திரும்பிய பிறகு

பக்ஷவாதம் கண்டவர் பிழைத்து வீடு திரும்பினால் கண்டம் நீங்கிவிட்டது என்று நம்மவர் நினைக்கிறார்கள். வைத்தியசாலையும் அப்படியே நினைக்கிறது. சர்க்காரும் அப்படியே நினைக்கிறது. உண்மையில் நோயாளிக்கு வேறு வகையான ஆபத்தும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு புதிய உத்தியோகமும் அன்றுதான் ஆரம்பமாகின்றன. அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது. வேலை இன்னதென்று சொல்லிக்கொடுப்பாரும் கிடையாது. சம்பளத்தைப் பற்றிப் பின்னால் பேசுவோம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத குறை சிறிது செலவிலும் சிறிது சிரத்தையிலும் தீரக்கூடியது. அதைத் தீர்ப்பது தருமகாரியம் அன்று, சட்டம் விதித்த கடமை என்பதையே இன்று நமது நேயர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

பாரிசவாயு என்றும், கை கால் விழுந்துவிட்டது என்றும் ஊரில் வழங்கும் இந்நோய், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது. மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றதோ, அந்தப் பகுதியின் ஆளுகையிலிருந்த கையோ காலோ நாவோ கண்பார்வையோ செயலற்றுப் போகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இது புதிதாகத் தாக்குகிறது. அடைப்பினால் வந்ததாயின், நாலரை மணி நேரத்துக்குள் தக்க வைத்தியசாலையை அடைந்தவருக்கு ஊசி மருந்தினால் கட்டியைக் கரைக்க முடிகிறது; பெரிய குழாயில் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி எடுத்துவிடவும் முடிகிறது. இவையெல்லாம் கொண்டாட வேண்டிய முன்னேற்றங்கள்தாம். ஆனால் பிழைப்பவர் தொகை பெருகப் பெருக, ஒரு பக்கம் வழங்காமல், பேச்சுக் குழறி, வீட்டிலே கிடப்பவர் தொகையும் பெருகும் என்பது கூட்டல் கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். முதல் பாதிக்கு யந்திரமும் பணமும் ஒதுக்கும் சர்க்கார், இரண்டாம் பாதியைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

சாந்தோமையே எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, மாதா கோயில் கோபுரத்தின் நிழல் எட்டும் தூரத்தில், நொச்சிக்குப்பமும் டுமிங் குப்பமும் இருக்கின்றன; தெற்கே போனால் பட்டினப்பாக்கம், ஸ்ரீநிவாசபுரம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஏற்பட்டபின் கடற்கரை ஓரத்தில் எழுந்த பழைய மாடிக் குடியிருப்புகளில் லிப்ட் என்பது இல்லை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஒரு நாள் காலையில் வாய் கோணி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கோ சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ அவரைக் கொண்டுபோகிறார்கள். சில நாட்களில் உயிர் தப்பிவிட்டது என்று சொல்லி, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் மாடி வரையில் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிப் போகிறார்கள். அந்த நாலு பேரும் இறங்கிப் போனபின் மிஞ்சுவது நோயாளியும், அவர் மனைவியும், பத்தடிக்குப் பத்தடி அறையும்தான். அந்த மனைவியோ விடியற்காலையில் மீன் எடுத்து விற்று அன்றன்றாட ஜீவனத்தை நடத்தியவள். அவள் கூடையை இறக்கி வைத்தால் அடுப்பு எரியாது. கூடையை எடுத்துக்கொண்டு போனால் கணவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

சாலைக்கு மேற்கே, கச்சேரி ரோட்டுப் பக்கத்தில், வேறு விதமான வீடு. பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். இங்கே வயோதிகத் தம்பதிகள் இருவர். ஏஜென்ஸிக்கு டெலிபோன் செய்தால் ஓர் ஆயாவையோ ‘ஹோம் நர்ஸ்’ என்ற பட்டம் சூட்டிய ஒரு பெண்ணையோ அனுப்புகிறார்கள். தொகை பெரிது, பயிற்சி என்னவென்று கேட்டால் பதில் இல்லை. பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்வதில் பயனில்லை. பிழைப்புக்காக எங்கிருந்தோ வந்தவள். அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழை வீட்டிலும் பணமுள்ள வீட்டிலும் ஒரே அறியாமை குடியிருக்கிறது.

அறியாமை என்று நாம் சொல்வதைச் சிலர் மிகையென்று எண்ணலாம். நோயாளிக்குச் சோறு ஊட்டவும் துணி மாற்றவும் தாய்மாருக்குக் கற்பிக்க வேண்டுமா, அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியதல்லவா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் ஆடவராகவே இருப்பதை நாம் கவனித்திருக்கிறோம். அன்பு இரத்தத்தில் ஊறியிருக்கலாம். பக்ஷவாதக்காரனை எப்படிப் புரட்டுவது என்பது ஊறியிருக்க வழியில்லை.

ஊட்டுவதையே பார்ப்போம். இந்நோய் கண்டவர்களில் பலருக்கு விழுங்கும் சக்தியும் குன்றிவிடுகிறது. படுத்தபடியே இருப்பவர் வாயில் அன்போடு ஊற்றும் கஞ்சி, இரைப்பைக்குப் போக வேண்டியது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. சிலருக்குப் புரையேறுதலும் இருமலும் கூட வராது, சத்தமில்லாமலே இறங்கிவிடும். சில நாளில் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிமோனியா. உற்றார் ‘வாதம் முற்றிவிட்டது’ என்று சொல்லி அழுகிறார்கள். முற்றியது வாதமன்று. நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுத்து, சாப்பிட்டபின் அரைமணி நேரம் சாய்க்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் இவ்வாபத்து விலகும். கெட்டியான கூழ் இறங்குமிடத்தில் தண்ணீர் இறங்காது என்பது பலருக்கு ஆச்சரியமாகவே இருக்கும். தண்ணீர் நாவின் பிடியில் நில்லாமல் விரைந்து ஓடிவிடுகிறது. கெட்டியான ஆகாரம் நாவுக்கு அவகாசம் தருகிறது. எதை, எந்தப் பக்குவத்தில் கொடுப்பது என்பதை விழுங்கும் சக்தியைச் சோதித்த பிறகே சொல்ல முடியும். அந்தச் சோதனை ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியது. நடந்தால் அதன் முடிவை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது.

தோளின் சங்கதி இதைவிடப் பரிதாபம். செயலற்ற கையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து கிடப்பதால் தோள்மூட்டு தன் கிண்ணத்திலிருந்து இலேசாக நழுவித் தொங்குகிறது. நோயாளியை எழுப்ப நினைப்பவர் முதலில் பிடித்து இழுப்பது அந்தக் கையைத்தான். அல்லது இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். அன்று தொடங்கும் தோள்வலி மாதக்கணக்கில் நீடித்து, கையை அசைக்கவே நோயாளி அஞ்சும் நிலை வந்து, பின்னால் திரும்பியிருக்கக்கூடிய சக்தியும் திரும்பாமல் போகிறது. செய்ய வேண்டியது என்ன? அந்தக் கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்க வேண்டும். எழுப்பும்போது இடுப்பைப் பிடிக்க வேண்டும். துணியையோ அகன்ற பெல்ட்டையோ இடுப்பில் கட்டிப் பிடித்தால் இன்னும் நலம். நோயாளியின் இரு பாதமும் தரையில் பதிந்திருக்க, அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, முன்னே சாயச் சொல்லி, நல்ல பக்கமாகத் திருப்பி நாற்காலியில் அமர்த்த வேண்டும். இதை எழுத்தில் படிக்கும் நேயர்களுக்கு ஒன்றும் விளங்கியிராது என்பது நமக்குத் தெரியும். அதுவே நாம் சொல்ல வந்தது. இது அச்சடித்த காகிதத்தால் வரும் வித்தையன்று. கற்றவர் ஒருவர் பக்கத்தில் நின்று, ‘அம்மா, நீங்கள் செய்யுங்கள், நான் பார்க்கிறேன்’ என்று சொல்லி, தவறினால் கையைப் பிடித்துத் திருத்தினால் மட்டுமே வருவது. கற்காதவள் தூக்கினால் நோயாளியின் தோளோடு அவளுடைய முதுகும் போகிறது. பிறகு அந்த வீட்டில் நோயாளிகள் இருவர்.

படுக்கைப் புண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்து, தோலை உலர்ந்த நிலையில் வைத்திருந்தால் அநேகமாக வராது. வந்தால் எலும்பு வரையில் அரித்து உயிரைக் குடிக்கும்.

பேச்சிழந்தவரிடம் பேசும் விதத்தைத்தான் எவரும் ஒரு வித்தையாக எண்ணுவதில்லை. வார்த்தை வரவில்லை என்பதால் புத்தியும் போய்விட்டது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். செவிடருக்குச் சொல்வதுபோல் உரக்கக் கத்துகிறார்கள். இல்லாவிட்டால் அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, அங்கே இல்லாதவரைப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஐம்பது வருஷம் குடும்பத்தை ஆண்டவர் உப்பு வேண்டும் என்று கேட்கச் சொல் வராமல் தட்டைத் தள்ளிவிட்டால், கோபக்காரராகிவிட்டார் என்று பெயர். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேள்வியைச் சுருக்குவதும், ஒரு வேளைக்கு ஒரு கேள்வியே கேட்பதும், பதில் வரும் வரையில் காத்திருப்பதும், படத்தைக் காட்டிக் கேட்பதும் சிறிய காரியங்கள். ஒரு மனிதரை மனிதராக வைத்திருக்கும் காரியங்கள். நோய் கண்டபின் பலரை மனச்சோர்வு பிடிக்கிறது என்பதும், அது நோயின் பகுதியே, வைத்தியத்துக்கு உட்பட்டதே என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புறா இரத்தத்தைத் தடவினால் வாதம் போகும் என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே, நிறுத்தினால் இரண்டாம் முறை வரும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு விசேஷம் உண்டு. மேல்நாட்டில் நோயாளியைப் பார்க்க உறவினர் குறித்த வேளையில் வந்து போவார்கள். இங்கே உறவினர் போவதே இல்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, இரவும் பகலும், ‘கூட இருப்பவர்’ என்ற பெயரில் ஒருவர் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கார் ஆஸ்பத்திரி நடவாது. மருந்து வாங்குவதும், பரிசோதனைக்குத் தள்ளுவண்டியைத் தள்ளுவதும், மலஜலத்துக்கு எடுப்பதும் அவர்களே. ஆகவே கற்பிக்க வேண்டிய மாணவர் அழைப்பில்லாமலே வந்து, இராப்பகலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாடம் மட்டும் நடக்கவில்லை! அவர்களைக் கூலியில்லாத சிப்பந்திகளாக நடத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மாணவராக நடத்தத் தெரியவில்லை.

இது நம்மால் ஆகாத புதுமையுமன்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, சிகிச்சையிலே அவர்களையும் பங்காளிகளாக்கினார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நோயாளிகளைத் தள்ளிவைத்த காலம் அது. நம் வேலூரிலோ, 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்து, பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பி வந்து, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் ஏற்படக் காரணமாயிருந்தார். அங்கங்கள் வழங்காதவரை வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்புவது வைத்தியத்தின் பின்கட்டு வேலையல்ல, அதுவும் வைத்தியமே என்று இந்நாட்டுக்குத் தம் உடலையே சாட்சியாக வைத்துக் காட்டியவர் அவர். சென்னையிலும் முயற்சி இல்லாமலில்லை. கைபேசித் திரையில் படம் காட்டி, நோயாளியோடு பராமரிப்பவருக்கும் பாடம் சொல்லும் ‘கேர் ஃபார் ஸ்ட்ரோக்’ என்ற ஏற்பாட்டை இந்நகரத்திலேயே பரீட்சித்து, 2015, 2016-ஆம் ஆண்டுகளில் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளிவந்தவை நொச்சிக்குப்பத்தின் மூன்றாம் மாடிக்கு இன்னும் ஏறவில்லை.

இனி, பயிற்சியால் பலன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். வக்கீல் தொழிலில் பழகியவர்கள் தமக்குச் சாதகமான சாட்சியை மட்டும் கூட்டிலேற்றி, மற்றதை மறைப்பதுண்டு. நாம் இவ்விஷயத்தில் அப்படிச் செய்யப்போவதில்லை. ஏனெனில் பாதகமாகத் தோன்றும் சாட்சியே இவ்வழக்கில் முக்கியமானது.

முதல் சாட்சி லண்டன். அங்கே 300 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் வைத்து ஒரு பரீட்சை நடத்தி, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பராமரிப்பவருக்கு ஆஸ்பத்திரியிலேயே சில முறையும், வீடு திரும்பியபின் ஒரு முறையும் நேரில் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, நோயாளியின் அங்கங்கள் மற்றவர்களுடையவற்றைவிட அதிகமாகத் தேறிவிடவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற வீட்டில் பராமரிப்பவரின் சுமையும் கவலையும் சோர்வும் குறைந்திருந்தன. நோயாளியின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. செலவும் ஒருவருக்கு 13,794 பவுனாக இருந்த இடத்தில் 10,133 பவுனாக இறங்கிற்று. இந்த வெற்றியைக் கண்டு, அதே பாடத்தை இங்கிலாந்தில் 36 ஆஸ்பத்திரிகளில், 900-க்கு மேற்பட்ட நோயாளிகளின் குடும்பங்களில் பரப்பிப் பார்த்து 2013-இல் முடிவு சொன்னார்கள். இம்முறை வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை. நோய் கண்ட அதிர்ச்சியில் இருக்கும் முதல் நாட்கள் முறையான பாடத்துக்குத் தகுந்த நேரமில்லை போலும் என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று.

மூன்றாவது சாட்சி நம் நாட்டிலேயே உள்ளது. மேலே சொன்ன இரண்டையும்விட நமக்கு நெருங்கியது. 2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரையில் இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்ஷவாத நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சியைத் தாங்களே நடத்தும்படி ஆஸ்பத்திரியிலும் பின்னர் வீட்டிலும் கற்பித்தார்கள். ‘அட்டெண்ட்’ என்பது அந்தப் பரீட்சையின் பெயர்; 2017-இல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்துவிட்டவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும், பயிற்சி பெற்ற பக்கத்தில் நூற்றுக்கு 47 பேர். பெறாத பக்கத்திலும் நூற்றுக்கு 47 பேர்.

இதைக் கண்டு, ‘பயிற்சி வீண்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார் உண்டு. வழக்கு எதைப் பற்றியது என்று கவனியாத தீர்ப்பு அது. அட்டெண்ட் பரீட்சை கேட்ட கேள்வி: பிஸியோதெரபி வைத்தியர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தாரிடம் மாற்றிக் கொடுத்தால் நோயாளி அதிகம் தேறுவாரா? பதில்: தேறமாட்டார். நோயாளியை ஆபத்தில்லாமல் ஊட்டவும் புரட்டவும் எழுப்பவும் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று எவரும் அங்கே கேட்கவில்லை. மூன்று சாட்சியங்களையும் சேர்த்துப் படித்தால் நமக்குப் புலப்படுவது இதுதான்: குடும்பத்தாரின் பயிற்சி, பராமரிப்பவரின் சுமையைக் குறைக்கும், அவளும் நோயாளியும் வேறு கேட்டுக்கு ஆளாகாமல் காக்கும், கற்பிக்கும் நேரமும் விதமும் சரியாக இருந்தால்தான் அதுவும் நடக்கும். வழங்காத காலை வழங்க வைப்பது வேறு வித்தை. அதற்கு அந்த வித்தையைக் கற்றவர்தான் வர வேண்டும்.

இந்த வேறுபாட்டை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. சர்க்கார்களுக்கு ஒரு பழக்கம். குடும்பத்தின் பெருமையைப் புகழ்ந்து பேச ஆரம்பித்தால், ஏதோ ஒரு செலவைக் குடும்பத்தின் மேல் தள்ளப் போகிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். ‘நம் தாய்மாரின் தியாகத்துக்கு ஈடுண்டா?’ என்று மேடையில் உருகுகிறவர், பிஸியோதெரபி உத்தியோகம் காலியாகக் கிடப்பதைப் பற்றிக் கேட்டால் உருகமாட்டார். தாய்மாருக்குப் பயிற்சி என்ற பெயரால் வைத்தியரை ஒழித்துவிடும் சிக்கனத்தை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது. விஞ்ஞானமும் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லியாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. நரம்பு மண்டலம் பழுதுபட்டு நடமாட்டம் இழந்தவரும், மூளைக் கோளாற்றினால் நிரந்தரமாகப் பேச்சிழந்தவரும் அதன் அட்டவணைக்குள் அடங்குகிறார்கள். பராமரிப்பவர் என்ற சொல்லுக்கு, ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் குடும்பத்தாரையும் சேர்த்தே அச்சட்டம் பொருள் சொல்கிறது. சம்பளமில்லா உத்தியோகம் என்று முன்னே நாம் குறிப்பிட்டோமே, அதைச் சட்டம் கண் திறந்து பார்த்திருக்கிறது. 24-வது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோரைப் பராமரிப்பதற்குப் படி கொடுக்கும் திட்டத்தைச் சர்க்கார் வகுக்க வேண்டும் என்கிறது. ‘தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலையும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனை சர்க்கார்கள் ஆற்றைக் கடக்கும் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். 47-வது பிரிவோ, பராமரிப்பைக் குறித்துக் குடும்பத்தாருக்கும் சமூகத்தாருக்கும் பயிற்சித் திட்டங்களைச் சர்க்கார் தொடங்க வேண்டும் என்று விதிக்கிறது. அத்தாட்சிப் பத்திரம் பெற்றவரின் குடும்பத்துக்கு மட்டும் என்று அங்கே சொல்லவில்லை. (நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் மாற்றுத் திறனாளிகளின் உரிமையைப் பற்றிப் பயிற்சி வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்துக் கடந்துவிட்டார்கள் போலும்.)

சர்க்காரிடம் இதற்கு வேண்டிய கைகால்கள் இல்லையென்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டிலேயே சேர்ப்பிக்கவும், படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுக்கே சென்று பிஸியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் செய்யவும் வகுக்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. யார் கொண்டுவந்த திட்டம் என்பதில் நமக்கு அக்கறையில்லை. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் மாத்திரை கொடுக்க வாசலுக்கு வரும் பெண்மணி, உள்ளே கட்டிலில் கிடப்பவரின் தோள் தொங்குகிறதா, முதுகு சிவந்திருக்கிறதா, சோறு படுத்தபடி ஊட்டப்படுகிறதா என்று பார்க்கவும், பார்த்ததைத் திருத்தவும், திருத்த முடியாததைச் சொல்லியனுப்பவும் கற்றிருந்தால் அதே நடைக்கு இரட்டிப்புப் பலன் உண்டு.

நமது நேயர்களில் பெரும்பாலோர் ஆடவர். பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை. இக்கட்டுரையில் இதுவரை பராமரிப்பவரை ‘அவள்’ என்றே எழுதி வந்தோம். நம் வீடுகளில் நடப்பது அதுவே என்பதால் எழுதினோமேயன்றி, அது தகும் என்பதால் அன்று. தகப்பனார் விழுந்தால் மருமகள் வேலையை விடுகிறாள், மகன் விடுவதில்லை. மகன் மாலையில் சங்கக் கூட்டத்தில் பெண்ணுரிமையைப் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்பி, ‘அப்பா சாப்பிட்டாரா?’ என்று கேட்கிறான். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சிறு தரும ஆஸ்பத்திரியில் தினந்தோறும் இரண்டொரு மணி நேரம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த வேலையை முறையாகக் கற்றார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். சேவாகிராமத்தில் குஷ்டம் கண்ட பர்ச்சூரே சாஸ்திரியாரின் புண்களை அவர் கழுவியதும் உலகறிந்தது. ஆடவன் கையால் ஆகாத வேலை என்று இதில் ஒன்றுமில்லை. எண்பது ராத்தல் தேகமுள்ள ஒரு மூதாட்டி நூற்றைம்பது ராத்தல் கணவரைத் தூக்குவதைவிட, எதிர்வீட்டு இளைஞன் ஒருவன் முறையறிந்து தூக்குவது எளிது என்பதற்குப் பரீட்சையும் வேண்டியதில்லை.

பக்கத்துக் கேரளத்தில் இது நடந்திருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து கிளைத்த இயக்கம், வாரத்தில் சில மணி நேரம் கொடுக்கக்கூடிய அண்டை அயலாரைப் பயிற்றி, டாக்டருக்கும் நர்ஸுக்கும் துணையாக வீடு வீடாக அனுப்பிற்று. புற்றுநோயாளிகளுக்கென்று ஆரம்பித்தது, பக்ஷவாதத்தால் படுத்தவர்கள் வரை விரிந்தது. 2008-இல் அம்மாநில சர்க்கார் அதை ஒரு கொள்கையாகவே ஏற்றது. சர்க்கார் முன்னே போய் ஜனங்கள் பின்தொடர்ந்த காரியமன்று அது. ஜனங்கள் முன்னே போனார்கள்.

சாந்தோமில் என்ன செய்யலாம்? பக்ஷவாதம் கண்டவரை அனுப்பும் முன், அவரை அழைத்துப் போகிறவர் ஊட்டுதல், புரட்டுதல், எழுப்பி உட்கார வைத்தல் ஆகியவற்றை நர்ஸின் கண்ணெதிரே தம் கையால் ஒரு முறையாவது செய்து காட்டியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் விதி செய்துகொள்ளட்டும். ‘சொல்லப்பட்டது’ என்று சீட்டில் எழுதுவது போதாது; ‘செய்து காட்டினார்’ என்று எழுத வேண்டும். அதிர்ச்சியில் கேட்டது மறந்துபோகும் என்பதே இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு உணர்த்துவதால், ஒரு வாரத்துக்குள் ஒரு முறையும் மாதம் கழித்து மறுமுறையும் தேர்ந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, அந்தக் கட்டிலிலேயே, அந்தப் படிக்கட்டிலேயே பார்த்துத் திருத்த வேண்டும். மாநகராட்சி சுகாதார நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ, மாதா கோயிலார் இசைந்தால் அவர்கள் மண்டபத்திலோ, ஒரு கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் போட்டு வாரம் ஒரு நாள் வகுப்பு நடக்கட்டும். வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைத்தால் உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியம்; மீன் விற்கும் பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் கடை கட்டிய பிறகு, பிற்பகலில் வைக்க வேண்டும். வகுப்புக்கு வரும் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறொருவர் வேண்டுமே, அந்த ஒருவராக அந்தத் தெரு வாலிபர் சங்கத்தார் இருக்கட்டும். வாரத்தில் மூன்று மணி நேரம் அவளுக்கு வெளியே போக இடம் கிடைத்தாலே அது பெரிது. அவள் அந்த நேரத்தைக் கடைக்குச் செலவிட்டாலும் தூங்கிக் கழித்தாலும் நமக்கென்ன?

இவற்றுக்கு முன்னால் ஒரு கணக்கு வேண்டும். நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் கச்சேரி ரோட்டைச் சுற்றிய தெருக்களிலும் பக்ஷவாதத்தால் வீட்டோடு இருப்பவர் எத்தனை பேர், எந்த மாடியில் இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார், அவர் அதற்காக எந்த வேலையை விட்டார், வீடு திரும்பியபின் பிஸியோதெரபி வைத்தியர் எத்தனை முறை வந்தார் என்ற ஐந்து கேள்விகளே போதும். இப்பகுதியின் மாநகராட்சி அங்கத்தினர் மனம் வைத்தால், நாலு வாலிபர்களைக் கொண்டு பதினைந்து நாளில் எடுத்துவிடலாம். தேர்தலுக்கு வீடு வீடாக ஏறியவர்களுக்கு அந்தப் படிக்கட்டுகள் புதியனவல்ல. கணக்கு வந்ததும் நாம் அதைப் பிரசுரித்து, காலியாயுள்ள உத்தியோகங்களைப் பற்றிச் சர்க்காரிடம் பெயர் சொல்லிக் கேட்போம்.